படிக்க முடியாத அறிவிப்பு, அறிவிப்பு ஆகாது

களியக்காவிளைச் சந்தையிலிருந்து இஞ்சிவிளை வழியாகப் பாறசாலைக்கு வருபவர்கள், மாநிலம் எந்த இடத்தில் மாறுகிறது என்று நினைத்துப் பார்ப்பதில்லை. சாலை ஒன்றுதான், பேச்சும் ஏறத்தாழ ஒன்றுதான். கடைப் பலகைகளில் எழுத்து மாறும்போதுதான் எல்லை கண்ணில் படுகிறது. காரோடு, கொல்லயில், குளத்தூர், பொழியூர், வெள்ளறடை, பனச்சமூடு எனக் கடலிலிருந்து மலையடிவாரம் வரை நீளும் இந்த எல்லையோரத்தில், வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசும் உழைக்கும் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். இவர்களில் பலருக்கு மலையாளம் காதுக்குப் பழகிய மொழி. கண்ணுக்குப் பழகிய மொழி அன்று. இந்த வேறுபாடு அன்றாட வாழ்வில் பெரிதாகத் தோன்றுவதில்லை. நீதிமன்றத்திலிருந்து ஓர் உறை வந்து சேரும் நாளில், அதுவே வீட்டையும் நிலத்தையும் இழக்கச் செய்யும் வேறுபாடாகிவிடுகிறது.

எதிர்த்தரப்புக்குச் சொல்லாமல் எந்த வழக்கையும் தீர்க்கக் கூடாது என்பது நீதியின் அடிப்படைக் கோட்பாடு. அந்தக் கோட்பாட்டுக்குச் சட்டம் தந்திருக்கும் நடைமுறை வடிவமே சம்மனும் அறிவிப்பும். அவற்றை உரியவரிடம் சேர்ப்பிப்பதை நீதிமன்ற வழக்கில் ‘சார்பு செய்தல்’ என்பர். 1908 ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இதற்கென ஐந்தாம் கட்டளை முழுவதையும் ஒதுக்கியிருக்கிறது. இயன்றவரை உரியவரின் கையிலேயே கொடுக்க வேண்டும். அவர் வீட்டில் இல்லை, விரைவில் திரும்புவார் என்றும் தெரியவில்லை என்றால், உடன் வாழும் குடும்பத்தினரில் வயது வந்த ஒருவரிடம் கொடுக்கலாம். வேலைக்காரர் குடும்ப உறுப்பினர் ஆகமாட்டார். பெற்றவரிடம் கையொப்பம் வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் கதவில் ஒட்ட வேண்டும். கொடுத்த நேரத்தையும் முறையையும் அமீனா எழுதிக் கையொப்பமிட வேண்டும். எந்த வழியும் பலிக்காதபோது, நீதிமன்ற ஆணையின்படி அப்பகுதியில் விற்பனையாகும் நாளிதழில் விளம்பரம் செய்யலாம்.

நூறாண்டுக்கு மேற்பட்ட அனுபவத்தில் வார்க்கப்பட்ட விதிகள் இவை; பல ஏழைகளைக் காப்பாற்றியும் இருக்கின்றன. ஆனால் இவை அனைத்தும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: காகிதம் சேர்ந்ததா? செய்தி சேர்ந்ததா என்ற கேள்வி அந்த விதிகளில் இல்லை.

வென்றவர் தோற்கும் இடம்

மேல்முறையீட்டில் இந்தக் குறை மேலும் கூர்மையாகிறது. முன்சீப் நீதிமன்றத்தில் தோற்றவர் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். உயர்நீதிமன்றத்துக்குச் செல்வதாயின் 90 நாட்கள். மேல்முறையீட்டை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றுக்கொண்டால், 41 ஆம் கட்டளையின் 14 ஆம் விதிப்படி, விசாரணை நாளைக் குறிக்கும் அறிவிப்பை நீதிமன்றக் கட்டடத்தில் ஒட்ட வேண்டும். கீழ் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்த்தரப்புக்கோ அந்த நீதிமன்றத்தில் அவர் சார்பில் தோன்றும் வழக்குரைஞருக்கோ, சம்மனைச் சேர்ப்பிக்கும் அதே முறையில் சேர்ப்பிக்க வேண்டும். மேல்முறையீட்டு மனுவின் நகலும் உடன் இருக்க வேண்டும். இவ்வளவும் நடந்தபின் எதிர்த்தரப்பு வரவில்லையென்றால், 17 ஆம் விதிப்படி ஒரு தரப்பை மட்டும் கேட்டு மேல்முறையீட்டை விசாரிக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். விளவங்கோடு வட்டத்தில் தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்த பெண் ஒருவர், பாறசாலைக்கு மருமகளாக வருகிறார். எல்லை கடந்த திருமண உறவு இங்கு இயல்பானது. கணவர் மறைந்தபின், சில சென்ட் புரையிடத்துக்கான வழிப்பாதை குறித்து அண்டை நிலத்துக்காரர் வழக்குத் தொடுக்கிறார். முன்சீப் நீதிமன்றம் அப்பெண்ணின் பக்கம் தீர்ப்பளிக்கிறது. வழக்கு முடிந்தது என்று அவர் நம்புகிறார். சில மாதங்கள் கழித்து மலையாளத்தில் அச்சிட்ட ஒரு தாளும், ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த சில பக்கங்களும் வருகின்றன. கையொப்பமிட்டு வாங்குகிறார். வென்ற வழக்கின் தீர்ப்பு நகல்தான் வந்திருக்கிறது என்று எண்ணி, ஆதாரத்தோடு சேர்த்துப் பெட்டியில் பத்திரமாக வைக்கிறார். குறித்த நாளில் நீதிமன்றத்தில் ஒரு குரல் மட்டுமே ஒலிக்கிறது. தீர்ப்பு மாறிவிட்டது என்பதை, வேலியைப் பிரிக்க அமீனா வந்து நிற்கும் நாளில்தான் அவர் அறிகிறார்.

அவருக்குச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருப்பது உண்மை. 41 ஆம் கட்டளையின் 21 ஆம் விதிப்படி மறுவிசாரணை கேட்கலாம். ஆனால் அறிவிப்பு முறையாகச் சேரவில்லை என்றோ, வரமுடியாதபடி தக்க காரணம் தடுத்தது என்றோ அவர் காட்ட வேண்டும். 1963 ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், 123 ஆம் இனத்தில், இதற்கு 30 நாள் தருகிறது. அறிவிப்பு முறையாகச் சேராதவருக்கு, தீர்ப்பை அறிந்த நாளிலிருந்து அந்தக் கணக்குத் தொடங்கும். சேர்ந்தவருக்கோ தீர்ப்பு நாளிலிருந்தே தொடங்கிவிடும். அந்தப் பெண்ணின் கையொப்பம் ஏட்டில் இருக்கிறது. ஆகவே சட்டத்தின் பார்வையில் அவர் ‘அறிவிக்கப்பட்டவர்’. அமீனா வரும்போது 30 நாட்கள் எப்போதோ கடந்திருக்கும். இனி, தாமதத்தை மன்னிக்கும்படி தனி மனு, அதற்கு வழக்குரைஞர், அதற்குக் கட்டணம், வேலையை விட்டு நீதிமன்றத்துக்கு நடக்கும் நாட்கள்.

ஒலி ஒன்று, பொருள் வேறு

‘எல்லையோர மக்களுக்கு மலையாளம் தெரியுமே, அருகில் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. மொழிபெயர்ப்பு வேலையில் காலம் கழித்தவர்களுக்கு இதன் ஆபத்து தெரியும். இரு மொழிகளும் உடன்பிறந்தவை. ஆகவே வேற்றுமொழிச் சொல் என்று சந்தேகிக்கவும் தோன்றாமல் தவறான பொருள் மனத்தில் பதிந்துவிடுகிறது. மலையாள நீதிமன்ற வழக்கில் ‘அன்யாயம்’ என்பது வழக்குரை. தமிழ்க் காதில் அது அநியாயம். ‘விதி’ என்றால் அங்கே தீர்ப்பு. நமக்கோ தலைவிதி, அல்லது சட்ட விதி. ‘அவதி’ என்றால் வழக்கை ஒத்திவைத்த தவணை நாள். நமக்கு அது துன்பம். ‘எதிர்கக்ஷி’ என்றால் எதிர்த்தரப்பு. நம் காதுக்கு அது சட்டமன்ற எதிர்க்கட்சி. ‘பிரதி’ என்றால் வழக்கில் எதிர்வாதி, குற்றவழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர். நமக்கோ அது நகல். பேரப்பிள்ளை எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினாலும் பாட்டிக்குக் கிடைப்பது பாதிச் செய்திதான். வழக்கில் பாதிச் செய்தி, செய்தியே இல்லாததைவிடக் கெடுதல் செய்யக்கூடியது.

அச்சத்தால் உறையை வாங்க மறுப்பவரின் நிலை இன்னும் மோசம். அஞ்சல்காரர் ‘வாங்க மறுத்தார்’ என்று எழுதித் திருப்பினால், ஐந்தாம் கட்டளையின் 9 ஆம் விதிப்படி அறிவிப்பு முறையாகச் சேர்ந்ததாகவே நீதிமன்றம் அறிவிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைமை வேறு. ஒரு நாட்டின் நீதிமன்ற ஆவணம் மற்றொரு நாட்டவருக்குச் சேரும்போது, அது அவருக்குப் புரியும் மொழியிலோ அவர் வாழும் இடத்தின் ஆட்சிமொழியிலோ இல்லையென்றால், அவர் அதை ஏற்க மறுக்கலாம். அங்குள்ள சட்டம் அந்த மறுப்பை உரிமையாக மதிக்கிறது. மூலதனத்தின் நலனுக்காகக் கட்டப்பட்ட ஒன்றியம் அது. அதுகூடப் புரியாத தாளைத் தொடமாட்டேன் என்று சொல்லும் உரிமையைத் தருகிறது. நம் நாட்டில் அதே மறுப்பு, மறுத்தவருக்கு எதிரான சான்றாகிவிடுகிறது.

யாருக்காக மொழிபெயர்ப்பு?

நம் சட்டத்துக்கு மொழிபெயர்ப்பு என்பதே தெரியாதா? நன்றாகத் தெரியும். நெய்யாற்றின்கரை நீதிமன்றம் களியக்காவிளையில் வாழும் ஒருவருக்குச் சம்மன் அனுப்பினால், அது வேறு மாநிலத்தில் சேர்ப்பிக்க வேண்டிய சம்மன். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 28 ஆம் பிரிவு இதைக் கையாளுகிறது. சம்மனைச் சேர்ப்பித்த நீதிமன்றம் தன் நடவடிக்கைக் குறிப்பை வேறு மொழியில் எழுதியிருந்தால், அதன் இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று 1976 ஆம் ஆண்டின் திருத்தம் கட்டளையிடுகிறது. ஒரு நீதிமன்றத்தின் குறிப்பு மற்றொரு நீதிமன்றத்துக்குப் புரிய வேண்டும் என்பதில் அவ்வளவு அக்கறை. 137 ஆம் பிரிவு, ஆங்கிலம் அறியாத தரப்பினர் கேட்டால் மொழிபெயர்ப்புத் தர வேண்டும் என்கிறது. எந்த மொழியில்? நீதிமன்றத்தின் மொழியில். 18 ஆம் கட்டளை, சாட்சி சொன்ன மொழி வேறு, பதிவான மொழி வேறு என்றால், பதிவானதைச் சாட்சிக்கு அவர் மொழியிலேயே விளக்கிச் சொல்லச் சொல்கிறது. நீதிமன்றத்துக்கு மொழிபெயர்ப்பு உண்டு, சாட்சிக்கு உண்டு. நிலத்தை இழக்கப்போகிறவருக்கு மட்டும் இல்லை.

தனிமனித சுதந்திரம் பற்றிய வழக்குகளில் இந்தக் கேள்விக்கு உச்சநீதிமன்றம் 1962 இலேயே விடை சொல்லிவிட்டது. ஹரிகிசன் எதிர் மகாராஷ்டிர அரசு என்ற வழக்கில், தடுப்புக் காவலுக்கான காரணங்கள் ஆங்கிலத்தில் தரப்பட்டிருந்தன. கைதானவர் இந்தி மொழிபெயர்ப்புக் கேட்டார். அரசின் அலுவல் மொழி ஆங்கிலம்தான் என்றும், வாய்மொழியாக இந்தியில் விளக்கிவிட்டதாகவும் அரசுத் தரப்பு வாதிட்டது. உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தெரிவித்தல் என்பது பெறுபவருக்குப் புரியும் மொழியிலும் எழுத்திலும் தெரிவிப்பதே என்று கொண்டு, அவரை விடுவித்தது. 1973 ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 363 ஆம் பிரிவும், குற்றஞ்சாட்டப்பட்டவர் விரும்பினால், இயன்றவரை அவருடைய சொந்த மொழியில் தீர்ப்பின் மொழிபெயர்ப்பைத் தர வேண்டும் என்றது. இலங்கை அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரை, நீதிமன்றத்தின் மொழி அறியாத தரப்பினருக்குச் சிங்களத்திலோ தமிழிலோ மொழிபெயர்ப்புப் பெறும் உரிமையை அளிக்கிறது. ஏட்டில் உள்ள உரிமைக்கும் நடைமுறைக்கும் உள்ள தொலைவை ஈழத்தமிழர் நன்கறிவர். எனினும் ஏட்டில்கூட இல்லாத ஒன்றைக் கேட்டுப் போராடுவது இன்னும் கடினம்.

வாழ்நாள் உழைப்பில் வாங்கிய ஐந்து சென்ட் நிலமும் கூரையும் பறிபோவது, உழைக்கும் குடும்பத்துக்குச் சிறைத்தண்டனையைவிடச் சிறிய இழப்பு அன்று. காவல் ஆணைக்குப் பொருந்தும் நியாயம் வெளியேற்ற ஆணைக்கும் பொருந்த வேண்டும்.

நம் பக்கத்துக் கணக்கு

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. மொழிவழி மாநிலங்கள் உழைக்கும் மக்களின் ஜனநாயகக் கோரிக்கை. அதற்காக இடதுசாரிகள் போராடியதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் எந்த எல்லைக்கோடும் வீடு வீடாக வளைந்து செல்ல முடியாது. கோட்டுக்கு இருபுறமும் எஞ்சிய சிறுபான்மையினரை எப்படி நடத்துகிறோம் என்பதே மொழிவழி மாநிலக் கொள்கைக்கு உரைகல்.

ஈ.எம்.எஸ். தலைமையிலான முதல் அமைச்சரவை 1957 ஏப்ரல் 5 அன்று பதவியேற்றது. ஆறே நாளில், ஏப்ரல் 11 அன்று, குத்தகை விவசாயிகளை வெளியேற்றும் நடவடிக்கைகளை நிறுத்திவைக்கும் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. நிலவுடைமையாளரின் கையில் நீதிமன்ற ஆணை எப்படிப்பட்ட ஆயுதம் என்பதை அந்த அரசு அறிந்திருந்தது. அவருடைய இரண்டாம் அமைச்சரவைக் காலத்தில் வந்த 1969 ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்தவும், அதே மொழியில் பதில் பெறவும் வழிசெய்தது. உள்ளூர் அலுவலகங்களைப் பொறுத்தவரை, மொழிச் சிறுபான்மைப் பகுதி என அரசு அறிவித்த இடங்களுக்கு அந்த உரிமை பொருந்தும்.

நல்ல சட்டம்தான். ஆனால் குடிமகன் அரசுக்கு எழுதும் கடிதத்தைப் பற்றியே அது பேசுகிறது. நீதிமன்றம் குடிமகனுக்கு அனுப்பும் அறிவிப்பை அது தொடவில்லை. அதன்பின் பலமுறை ஆட்சிப் பொறுப்பேற்ற இடதுசாரி அரசுகளும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். கேரள உயர்நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தன் தீர்ப்புகளை மலையாளத்திலும் வெளியிடத் தொடங்கியபோது நாம் வரவேற்றோம். மக்கள் மொழியில் நீதி என்பதே நம் நிலை. மலையாளத்துக்கு எதிராக நாம் எதையும் கேட்கவில்லை. அந்தக் கொள்கை பாறசாலையின் தமிழ்க் குடும்பத்தையும் எட்ட வேண்டும் என்றே கேட்கிறோம்.

இதே அளவுகோலைத் தமிழ்நாட்டுக்கும் வைக்க வேண்டும். விளவங்கோடு வட்டத்தில் மலையாளம் மட்டும் படித்த முதியவர்கள் இருக்கின்றனர். அவர்களுக்குக் குழித்துறை நீதிமன்றங்களிலிருந்து செல்லும் தமிழ் அறிவிப்பும் படிக்க முடியாத தாளே. நமக்கு வேண்டும், அவர்களுக்கு வேண்டாம் என்பது இனவாதிகளின் பேச்சு, நம்முடையது அன்று.

செய்ய வேண்டியவை

இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 122 ஆம் பிரிவு, கட்டளைகளையும் விதிகளையும் திருத்தவும் புதியன சேர்க்கவும் உயர்நீதிமன்றங்களுக்கு அதிகாரம் தருகிறது. 126 ஆம் பிரிவின்படி மாநில அரசின் முன் ஒப்புதல் வேண்டும். ஆகவே மாநில அரசும் உயர்நீதிமன்றமும் மனம் வைத்தால் போதும். நம் கோரிக்கைகள் இவை:

ஒன்று: தமிழர் வாழும் எல்லைப் பகுதிகளுக்குச் செல்லும் ஒவ்வொரு சம்மனோடும், மேல்முறையீட்டு அறிவிப்போடும், தீர்ப்பை நிறைவேற்றும் முன் வரும் அறிவிப்போடும் தமிழில் ஒரு பக்கத் தாள் இணைக்கப்பட வேண்டும். எந்த நீதிமன்றம், எந்த வழக்கு, எதிர்த்தரப்பு கேட்பது என்ன, எந்த நாளில் வர வேண்டும், வராவிட்டால் என்ன நேரும், இலவச சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்ற ஆறு செய்திகள் அதில் இருந்தால் போதும்.

இரண்டு: அமீனா தம் அறிக்கையில் நேரத்தையும் முறையையும் எழுதுவதுபோல, எந்த மொழியில் விளக்கினார் என்பதையும் எழுத வேண்டும்.

மூன்று: அறிவிப்பை நாளிதழ் விளம்பரமாக வெளியிட நேர்ந்தால், அப்பகுதியில் விற்பனையாகும் தமிழ் நாளிதழ் ஒன்றிலும் அது வர வேண்டும்.

நான்கு: தமக்குப் படிக்கத் தெரியாத மொழியில் வந்த அறிவிப்பால் ஏமாந்தவர் மறுவிசாரணை கேட்டால், அதைத் தக்க காரணமாகக் கொள்ள விதியிலேயே இடம் வேண்டும்.

ஐந்து: நெய்யாற்றின்கரை வட்டச் சட்டப் பணிகள் குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்த தன்னார்வலர்கள் இருக்க வேண்டும்.

ஆறு: கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையாளிகளுக்குத் தமிழ்நாடும் இதே ஏற்பாட்டைச் செய்ய வேண்டும்.

மொழி தெரியாது என்று சொல்லி வழக்கை இழுத்தடிப்பார்களே என்ற ஆட்சேபம் எழலாம். சார்பு செய்ததில் சிறு குறை இருந்தாலும், விசாரணை நாளை அறிந்திருந்தவர் அந்தக் குறையைக் காட்டி எதிர்வாதியாகத் தப்ப முடியாது என்று 9 ஆம் கட்டளையின் 13 ஆம் விதி முன்பே சொல்கிறது. உண்மையில், தமிழ்த் தாள் இணைக்கப்பட்டால் ‘புரியவில்லை’ என்ற சாக்குக்கே இடமிராது. செலவோ, அச்சிட்ட படிவத்தில் ஒரு பக்கம். பின்னால் வரும் மறுவிசாரணை மனுக்களையும் தாமத மனுக்களையும் எண்ணிப் பார்த்தால், நீதிமன்றத்துக்கு இது நேரத்தை மிச்சப்படுத்தும் செலவே.

விதி மாறும்வரை மக்கள் கையறு நிலையில் இருக்க வேண்டியதில்லை. நீதிமன்ற உறை வந்தால் வாங்க மறுக்காதீர்கள். வாங்கிய நாளை உறையின் மேல் குறித்து வையுங்கள். வென்ற வழக்கானாலும், வந்த தாளைப் பெட்டியில் வைக்கும் முன் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். வீடு மாறினால் வழக்குரைஞருக்கும் நீதிமன்றத்துக்கும் புதிய முகவரியைத் தெரிவியுங்கள். 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானக் கணக்கின்றி இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். எல்லையோரக் கிளைகளில் உள்ள தோழர்கள், இரு மொழியும் படிக்கத் தெரிந்த ஒருவரேனும் வாரத்தில் ஒரு மாலை கட்சி அலுவலகத்தில் இருக்கும்படி செய்யலாம். நிவாரணம் வரும்வரை காத்திருக்காமல் இன்றே தொடங்கக்கூடிய பணி இது.

எதிர்த்தரப்பையும் கேட்ட பின்பே தீர்ப்பு என்று நம் நீதிமன்றங்கள் பெருமையோடு சொல்கின்றன. கேட்பதற்கு முன் அழைக்க வேண்டும். அழைப்பவர், அழைக்கப்படுபவருக்குப் புரியும்படி அழைக்க வேண்டும். பாறசாலையின் கூலித் தொழிலாளியும் பொழியூரின் மீனவரும் கேட்பது சலுகை அன்று. தம் வழக்கு எந்த நாளில் நடக்கிறது என்பதைத் தம் எழுத்தில் அறியும் உரிமையை மட்டுமே அவர்கள் கேட்கிறார்கள்.